சட்டத்தின் விலக்கும் மார்க்கத்தின் விலக்கலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது நம் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் இருபது வருஷமாக மளிகைக் கடை நடத்துபவர். நாணயஸ்தர். வருஷா வருஷம் இருப்புச் சரக்கைக் கணக்கெடுத்து ஜகாத்தைப் பிரித்து வைப்பவர். அவர் கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருந்தது. கடையில் வேலை பார்க்கும் அவருடைய அக்காள் மகன் அதைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தானாம். பக்கம் பக்கமாக நான்கு இலக்க எண்கள். எதிரே ஒற்றை எழுத்தில் ஆட்களின் பெயர். அதற்கெதிரே வெள்ளிக் கணக்கு.

"பற்று வரவு நோட்டு என்றுதான் எடுத்தேன், காக்கா. புரட்டிப் பார்த்தபின் கை நடுங்கிவிட்டது" என்றார்.

விஷயம் இதுதான். பையன் எவனோ ஒருவனுக்காக நாலு நம்பர் எழுதி வந்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் பால் டின்னும் முட்டையும் வாங்க வருகிற சாக்கில் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பணம் சில வேளை கையில் வரும். பல வேளை கடையின் தொலைபேசி எண்ணுக்கே வந்து சேரும். வாரக் கடைசியில் எண்களையும் பணத்தையும் அனுப்பிவிட்டால் அவனுக்கு ஒரு கூலி.

அந்தச் சகோதரர் நம்மிடம் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறோம்: "அரசாங்க அனுமதியோடு ஊர் முழுக்க எண் விற்கிறார்கள். சீனப் புத்தாண்டிலே வீட்டுக்கு வீடு சீட்டாடுகிறார்கள். போலீஸ் எட்டிப் பார்ப்பதில்லை. சட்டமே இத்தனை வாசல் திறந்து வைத்திருக்கும்போது இவன் செய்தது எவ்வளவு பெரிய குற்றம்?"

கேட்டவர் ஒருவரே ஆனாலும், இந்த எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கடைத்தெருவில் தேநீர் அருந்தும்போது நாமே கேட்டிருக்கிறோம். பெயர் குறிப்பிடாமல் எழுதும்படி அவரே சொன்னதால் இம்மாதத்து உபந்நியாசத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மார்க்கம் பேச வந்தவர்களுக்குச் சட்டம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நாம் குடியிருக்கும் நாட்டுக்குக் கொடுத்த வாக்கும் ஒரு வாக்குறுதியே. வாக்குறுதியைப் பற்றி விசாரணை உண்டு என்பது இஸ்ரா அத்தியாயத்தின் 34-ஆம் வசனத்தின் கருத்து.

சிங்கப்பூரில் சூதாட்டம் பற்றிய சட்டங்கள் முன்பு பலவாகச் சிதறிக் கிடந்தன. பந்தயச் சட்டம் 1960-ஆம் ஆண்டினது. பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் 1961. தனியார் லாட்டரிகளுக்கு 2011-இல் ஒன்று; இணையத்திலும் தொலைபேசியிலும் நடக்கும் சூதாட்டத்துக்கு 2014-இல் ஒன்று. இவை நான்கையும் எடுத்துவிட்டு, சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற ஒரே சட்டம் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காசினோக்களுக்கு மட்டும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே நிற்கிறது. இப்புதிய சட்டத்தின் அடிப்படை என்னவெனில், உரிமம் பெறாத, விலக்கும் அளிக்கப்படாத எல்லாச் சூதாட்டமும் குற்றம் என்பதே. சட்டம் வாசல்களைத் திறந்து வைத்திருக்கவில்லை, சகோதரர்களே. சுவரை எழுப்பிவிட்டு, அதில் சில சன்னல்களை மட்டும் விட்டிருக்கிறது.

தண்டனைக்கு மூன்று படிகள். உரிமம் இல்லாதவனிடம் எண் கட்டுபவனுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவனுக்கும் முதலாளிக்கும் நடுவே நின்று எண் எழுதுபவனுக்கு, அதாவது ஏஜெண்டுக்கு, 5 ஆண்டு வரை சிறையும் 200,000 வெள்ளி வரை அபராதமும். சூதாட்டத்தை நடத்துகிற முதலாளிக்கு 7 ஆண்டு வரை சிறை, 500,000 வெள்ளி வரை அபராதம். மறுமுறை பிடிபட்டால் 10 ஆண்டு, 700,000 வெள்ளி வரை போகும். நம் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பாருங்கள். ஓர் ஐந்து வெள்ளி எண்ணுக்குச் சில காசு கூலி வாங்கியவன், நடுப்படியில் நிற்கிறான். வேலை அனுமதியில் வந்தவனாதலால், தண்டனை முடிந்தபின் இங்கே பிழைப்பு இருக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. தெரிந்தே தன் இடத்தைச் சூதாட்டத்துக்கு விட்டவனும் குற்றவாளி. நேற்றுவரை கடைக்காரருக்குத் தெரியாது, அது உண்மை. நோட்டைப் புரட்டிய நிமிஷத்திலிருந்து அவர் தெரியாதவர் அல்லர். நாளைக் காலையும் அதே கல்லா, அதே தொலைபேசி, அதே பையன் என்று கடை திறக்குமானால், அவர் கணக்கு வேறாகிவிடும். இதை அவரிடம் சொன்னபோது அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்தச் சன்னல்களுக்கு வருவோம். வீட்டிலே குடும்பத்தாரும், நேரில் ஒருவரையொருவர் நன்கு அறிந்த நண்பர்களும் கூடி ஆடினால் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அதில் யாரும் வியாபாரமாக லாபம் பார்க்கக் கூடாது; இடத்துக்கென்று வாடகையோ, ஜெயித்த பணத்தில் பங்கோ எடுக்கக் கூடாது. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த விலக்கு வீட்டுக்கு என்பதை. கடையின் பின்கட்டு வீடாகாது. சரக்கு இறக்கி வைக்கும் கிட்டங்கி வீடாகாது. பூட்டிய கடைக்குள் நாலு பேர் தெரிந்தவர்கள்தானே என்று சீட்டுக்கட்டைப் பிரித்தால், அந்த விலக்கு அங்கே துணைக்கு வராது. வாட்ஸ்அப்பில் குழு சேர்த்துப் பந்தாட்டத்துக்குப் பந்தயம் கட்டுகிறார்களே, அதற்கும் இல்லை. எதிரே இருப்பவர் உண்மையிலேயே நண்பரா என்பதை இணையத்தில் நிச்சயப்படுத்த முடியாது என்று இவ்விலக்கை நேருக்கு நேர் ஆடுவதோடு நிறுத்திவிட்டார்கள்.

மற்றொரு சன்னல், உரிமம் பெற்ற லாட்டரி. சிங்கப்பூர் பூல்ஸ் 1968-இல் தோன்றியதற்குக் காரணமே கள்ளச் சூதாட்டம்தான். சாப் ஜி கீ என்று பன்னிரண்டு எண்ணில் ஒன்றைக் கட்டும் ஆட்டம் அக்காலத்தில் இவ்வூர் அடுக்களை வரை புகுந்திருந்தது. காய்கறி வாங்கக் கொடுத்த காசு எண்ணுக்குப் போனது. ஜனங்களை அறவே தடுக்க முடியாது. ஆகவே கள்ளக் கும்பலிடம் போகும் பணத்தை நேர் வழியில் வாங்கிப் பொதுக் காரியத்துக்குச் செலவிடுவோம் என்பது அரசாங்கத்தின் யோசனை. 1973-இல் திறந்த காலாங் தேசிய விளையாட்டரங்குக்கு லாட்டரிப் பணம் உதவியது.

அதே அரசாங்கம் தன் குடிமக்கள் காசினோவுக்குள் நுழைய 2019 முதல் நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்டச் சொல்கிறது, வருஷத்துக்கானால் 3,000. திவாலானவர்களை உள்ளே விடுவதில்லை. மனைவி மனுக் கொடுத்தால் கணவனைக் காசினோவிலிருந்து தடுக்கவும் வழி வைத்திருக்கிறது. வேறு எந்தக் கடைக்காவது, சொந்த ஊரார் உள்ளே வரத் தீர்வை போட்ட அரசாங்கம் உண்டா? நல்ல சரக்கென்று நினைத்திருந்தால் இந்த வேலி எதற்கு? அனுமதித்தவர்களே அதை நன்மையென்று சொல்லவில்லை. நாம்தான் அனுமதியையே நற்சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

நாம் அரசாங்கத்தைக் குறை கூற வரவில்லை. இந்நாட்டில் பல மதத்தவரும் மதமற்றவருமாகச் சுமார் 60 லட்சம் பேர் இருக்கிறார்கள். சட்டம் அவர்கள் அனைவருக்குமாகப் போடப்படுவது. எதைத் தண்டிப்பது என்பதையே அது முடிவு செய்யும். நீங்கள் ஓர் எண் வாங்கித்தான் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

சட்டம் மாறக்கூடியது என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரமே சாட்சி. 1820-இல் பார்க்குவார் துரை நகரச் செலவுக்குப் பணம் போதாமல் சூதாட்ட உரிமத்தை ஏலம் விட்டார். 1823-இல் ராபிள்ஸ் அதைத் தடுத்தார். அவர் கப்பலேறியதும் கிராபர்டு துரை மீண்டும் திறந்தார். 1829-இல் மறுபடியும் மூடினார்கள். நம் முன்னோர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியாப் பள்ளியைக் கண்டது 1826-இல். அன்று பள்ளியைக் கட்டிய கைகளுக்கு எதிரே சூதாட்டக் குத்தகை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது! சட்டம் திறந்ததனால் அந்தச் சில வருஷம் ஹலாலாகவும், மூடியதும் ஹராமாகவும் அவர்கள் நினைத்திருந்தால், பள்ளிவாசலும் எழும்பியிராது. அவர்கள் வியாபாரமும் நிலைத்திராது.

அக்கரை நிலை வேறு. கோலாலம்பூர் முதலிய கூட்டரசுப் பிரதேசங்களில் 1997-ஆம் ஆண்டு ஷரீஅத் குற்றச் சட்டத்தின்படி, முஸ்லிம் ஒருவர் சூதாடினாலோ சூதாட்ட விடுதியில் காணப்பட்டாலோ 3,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. சிங்கப்பூர் ஷரீஅத் நீதிமன்றத்துக்கு அவ்வித அதிகாரம் இல்லை. நிக்காஹ், தலாக், ஜீவனாம்சம் போன்றவற்றோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். உரிமம் பெற்ற கடையில் நம்மவர் ஒருவர் வரிசையில் நின்றால் அவரைத் தடுக்க இங்கே எவருமில்லை. அவருடைய ஈமான் ஒன்றுதான் உண்டு.

திருக்குர்ஆன் இவ்விஷயத்தை எடுத்த எடுப்பில் அதட்டிச் சொல்லவில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டும். பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தில், மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்ற கருத்து வருகிறது. பயன் உண்டென்று அல்லாஹுத்தஆலாவே ஒப்புக்கொண்டபின் நாம் மறுப்பானேன்? அது என்ன பயன் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியிருப்பதைக் கேளுங்கள்.

அறியாமைக் கால அரபிகள் ஆடிய மைஸிர் என்ற சூது, பஞ்ச காலத்தில் ஒட்டகத்தை வைத்து ஆடப்பட்டது. ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகளை ஒரு பையில் இட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக உருவுவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு. மூன்று அம்புகளுக்கு ஒன்றுமில்லை. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுத்தாக வேண்டும். ஜெயித்தவர்களோ தம் பங்கு மாமிசத்தைத் தாம் தின்பதை இழிவாகக் கருதி ஏழைகளுக்கு வழங்கிவிடுவார்கள். அப்படி வழங்குவது பெருமை. ஆட வராதவனைக் கஞ்சன் என்று ஏசுவார்கள்.

ஆக, இறைவன் தடுத்த சூது, ஏழைக்கு மாமிசம் கொடுத்த சூது! லாட்டரிப் பணம் தருமத்துக்குத்தானே போகிறது என்று நம்மில் சிலர் சொல்லும் சமாதானம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய சமாதானம் மக்கத்துக் குறைஷிகளிடம் இருந்தது. அவர்கள் ஜெயித்ததை முழுக்கக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் இறங்கியபோது, மைஸிரை மதுவோடும் குறி பார்க்கும் அம்புகளோடும் சேர்த்து ஷைத்தானின் அசுத்தச் செயல் என்று ஒதுக்கிவிட்டன. காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: உங்களுக்கிடையே பகைமையும் வெறுப்பும் மூளும், இறைவனின் நினைவும் தொழுகையும் தடைப்படும். விலக்கு, உரிமம், வயது, வீடு, விடுதி என்ற பாகுபாடு ஏதும் அங்கே இல்லை.

வீட்டுச் சன்னலைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. ஒருவர் தம் தோழரைப் பார்த்து, வா, சூதாடுவோம் என்று சொல்லிவிட்டாலே, அவர் தருமம் செய்யட்டும் என்பது அதன் கருத்து. இங்கே சீட்டு கலைக்கப்படவில்லை. காசு கை மாறவில்லை. கூப்பிட்ட வாய்க்கே பரிகாரம்! கூப்பிட்டவனும் கூப்பிடப்பட்டவனும் யார்? தோழர்கள். ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். அதாவது, எந்த உறவுக்கு நாட்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறதோ, அதே உறவுக்குள்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரிக்கை விடுத்தார்கள். ஏனெனில் அந்நியனிடம் தோற்றால் பணம் போகும். மைத்துனனிடம் தோற்றால் பெருநாளைக்கு அவன் வீட்டு வாசல் மிதிக்க மனம் வராது.

சிலர் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள், படித்தவர்கள்தாம். ரோமர்கள் மீண்டும் ஜெயிப்பார்கள் என்று அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் மக்காவில் பந்தயம் கட்டினார்களே என்பார்கள். கட்டியது உண்மை. அது சூது தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று திர்மிதியின் அறிவிப்பிலேயே இருக்கிறது. பாதி ஹதீஸைப் படிப்பவர்கள் மீதியையும் படித்துவிட்டு வரட்டும்.

இனி வியாபாரிகளாகிய நமக்கே உரிய பகுதிக்கு வருகிறோம். "வியாபாரமும் ஒரு சூதுதானே? சரக்கு வாங்கிப் போடுகிறோம், விலை ஏறினால் ஆச்சு, இறங்கினால் போச்சு" என்று நம் பெரிய வியாபாரிகளே சொல்லக் கேட்டிருக்கிறோம். இதைவிட நம் தொழிலை இழிவுபடுத்தும் பேச்சு வேறில்லை. ஒருவர் அரிசி மூட்டையைக் கொடுத்து 40 வெள்ளி வாங்கினால், இருவர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அவருக்கு அரிசி வேண்டும். உமக்கு வெள்ளி வேண்டும். இருவரும் மனம் ஒப்பிப் பிரிகிறார்கள். சூதிலே ஒருவன் கைக்கு வருவது முழுவதும் மற்றவன் பையிலிருந்து பிடுங்கப்பட்டது. பதிலுக்கு அவன் கொண்டுபோவது வயிற்றெரிச்சல். நஷ்டம் வரலாம் என்ற அச்சம் இரண்டிலும் உண்டு என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஆனால் நம் கடைகளுக்குள் வியாபார வேஷத்தில் சூது புகுவதும் உண்டு. ஷரீஅத்தில் பைஉல் ஹஸாத் என்று ஒரு தடுக்கப்பட்ட வியாபாரம் இருக்கிறது; முஸ்லிம் ஹதீஸ் நூலில் காணலாம். துணிகளை விரித்து வைத்து, கல்லை எறி, எந்தத் துணியில் விழுகிறதோ அது இந்த விலைக்கு உனக்கு என்பதே அந்த முறை. வாங்குபவனுக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியாது. பட்டும் விழலாம்; கந்தலும் விழலாம்.

இதைப் படிக்கும்போது நமக்கு நம் இளமைக் காலக் கடைகள் நினைவுக்கு வரவில்லையா? திக்கம் திக்கம்! ஓர் அட்டையிலே மடித்த சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து ஒன்றைக் கிழிப்பார்கள். உள்ளே எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு மிட்டாய். எப்போதோ ஒருவனுக்குப் பொம்மைத் துப்பாக்கி. அந்த அட்டை எந்தக் கடைகளில் தொங்கிற்று? ஊரார் மாமாக் கடை என்று அன்போடு அழைத்த நம்முடைய கடைகளிலும்தான் தொங்கிற்று. கல்லாவுக்கு மேலே ஆயத்துல் குர்ஸியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதற்கு ஒரு முழம் கீழே திக்கம் அட்டையைத் தொங்கவிட்டோம். அற்பக் காசு என்று நினைத்தோம். எத்தனை பிள்ளைகளுக்கு முதல் எண்ணைக் கிழிக்கக் கற்றுக்கொடுத்தது நம் கடை என்று நாம் கணக்குப் பார்த்ததில்லை. இதை ஊரார்மேல் போடுவதற்கில்லை. நாமே செய்ததுதான்.

இன்று அந்த அட்டை இல்லை. மர்மப் பெட்டி என்ற பெயரில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொட்டலங்கள் வந்திருக்கின்றன. நாட்டுச் சட்டம் பரிசின் மதிப்புக்கு 100 வெள்ளி என்று உச்சம் வைத்து இவற்றை அனுமதிக்கிறது. நம் ஷரீஅத்தோ கல்லெறி வியாபாரத்துக்கு உச்ச வரம்பு வைக்கவில்லை. கொள்முதலுக்குப் போகும்போது மொத்த வியாபாரி என்ன லாபம் சொன்னாலும் இவ்வகைச் சரக்கை நம் கடைக்கு ஏற்றிவர வேண்டாம்.

இங்கே பலரும் கேட்கும் மற்றொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். பெருநாள் சமயத்தில் 50 வெள்ளிக்குச் சாமான் வாங்குவோர் பெயரைக் குலுக்கிப் போட்டுப் பரிசு தரலாமா? வியாபார விளம்பரத்துக்காக நடத்தும் குலுக்கலுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்காமல் நிபந்தனைகளோடு பொது உரிமம் அளித்திருக்கிறார்கள். அந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். மார்க்கத்தைப் பொறுத்தவரை, வாடிக்கைக்காரர் வழக்கமான விலைக்குத் தமக்கு வேண்டிய சாமானை வாங்கியிருக்க வேண்டும். குலுக்கலுக்கென்று ஒரு காசும் கூடக் கொடுத்திருக்கக் கூடாது. பரிசு முழுவதும் கடைக்காரரின் லாபத்திலிருந்து வர வேண்டும். அப்படியானால் அது அன்பளிப்பு என்று கூறும் உலமாக்கள் உண்டு. குலுக்கலை நினைத்து அரிசிக்கு இரண்டு வெள்ளி ஏற்றினால் அந்த இரண்டு வெள்ளியும் சூதுப் பணமே. ஷாபியானாலும் ஹனபியானாலும் சந்தேகம் வந்தால் உங்கள் ஹஜரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. குலுக்கலை விட்டு எல்லோருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தால் கேள்வியே எழாது என்பது நம் சொந்த அபிப்பிராயம்.

மீண்டும் அந்தப் படிக்கட்டுக்கு வருவோம். நோட்டைக் கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று அந்தச் சகோதரர் கேட்டார். கூடாது என்றோம். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். பையன் செய்தது ஒன்று, இவர் செய்தது ஒன்று என்று இரண்டாகிவிடும். அன்றிரவே பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும்படியும், மறுநாள் வக்கீலைப் பார்க்கும்படியும் சொன்னோம். நாமும் உடன் சென்றோம்.

பையன் முதலில் மறுத்தான். பிறகு அழுதான். "எல்லாரும் வாங்கறதைத்தானே மாமா எழுதிக் கொடுத்தேன், நான் ஒரு நாள்கூட ஆடலியே" என்றான். அவன் ஆடாதது மெய்யே. மதுவைப் பற்றிய ஹதீஸில் குடித்தவனோடு, ஊற்றிக் கொடுத்தவன், சுமந்து வந்தவன், விற்றவன், அந்த விலையைத் தின்றவன் என்று பலரும் சபிக்கப்பட்டிருப்பதை நாம் சொன்னோம். திருமறையில் மதுவும் சூதும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதையும் சொன்னோம். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வயது இருபத்து மூன்று. ஊரிலே தாயும் இரண்டு தங்கைகளும்.

வக்கீலின் யோசனைப்படி மாமனும் மருமகனும் நோட்டோடு தாமே போலீஸ் நிலையம் சென்றார்கள். விசாரணை நடக்கிறது. முடிவு என்னவாகும் என்று இதை எழுதும்போது தெரியவில்லை. சட்டம் எதை விதித்தாலும் அதை ஏற்பதாக இருவரும் இருக்கிறார்கள். கடையின் தொலைபேசி எண்ணை மாற்றியாயிற்று. எண் சொல்ல வந்த பழைய வாடிக்கைக்காரர் சிலர் இப்போது முட்டைக்கும் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

கடைசியாக அவர் கேட்டதற்குத்தான் நமக்கு உடனே பதில் வரவில்லை. எட்டு மாதத்தில் பையன் வாங்கிய கூலி 1,800 வெள்ளி. அதை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டான். தாய் அந்தப் பணத்தில் ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகன் சம்பாத்தியம் என்று இரண்டு ரக்அத் நஃபில் தொழுதிருக்கிறாள். அந்தத் தளத்தை என்ன செய்வது?

ஹஜரத்திடம் மூவரும் போனோம். தளத்தை இடிக்க வேண்டியதில்லை, தாயின் மனத்தையும் இடிக்க வேண்டியதில்லை என்றார்கள். அறியாமல் தங்குபவள்மேல் பாவமில்லை. பையன் தவ்பா செய்துவிட்டு, அந்தத் தொகை அளவுக்குத் தன் ஹலாலான சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுக எடுத்து, நன்மையை எதிர்பாராமல், பாரத்தை இறக்குகிற எண்ணத்தோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஸதக்கா என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதையும் இருமுறை சொன்னார்கள்.

கல்லாவுக்கு அடியில் நோட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு பால் டின் இருக்கிறது. மூடியில் காசு போடும் அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். மாதம் 50 வெள்ளி விழுகிறது. முடிவதற்கு மூன்று வருஷம் ஆகும்.